இஞ்சின் பூட்டியவனுக்கு என்ன கூலி?

தோட்டத்தில் ஒரு டிராக்டர் நின்றுவிட்டால் நிர்வாகத்தினர் முதலில் கேட்பது, "கெடுத்தவன் யார்?" என்ற கேள்வி. அத்தனை வருஷம் அதை ஓட வைத்தவன் யார் என்று எவரும் கேட்டதாக நாம் அறியோம். இவ்விதழில் நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

தென் பேராக்கில் ஒரு தோட்டம். பாதி ரப்பர், பாதி செம்பனை. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். சம்பந்தப்பட்டவர்களே பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டது மற்றொரு காரணம். அங்கே டிராக்டர் ஓட்டும் தோழர் ஒருவரும், பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பிள்ளை ஒருவனும் சேர்ந்து, சென்ற ஆண்டு ஒரு பழைய டிராக்டரின் இஞ்சினை நட்டு நட்டாகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டி ஓட வைத்தார்கள். இருவரும் அதற்கு முன் ஒரு டீசல் இஞ்சினை முழுதாகப் பிரித்துப் பார்த்தவர்கள் அல்லர். நாம் அங்கே மூன்று முறை போய் வந்தோம். முதல் முறை ஒரு புகாரை விசாரிக்கப் போனோம். மற்ற இரண்டு முறையும், உள்ளதைச் சொன்னால், வேடிக்கை பார்க்கத்தான் போனோம்.

முதலில் அந்தப் புகாரைச் சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் நடுப்பகலில், டேங்க் நிறையப் பாலை இழுத்துக்கொண்டு மேடேறிய டிராக்டர் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டு பாதி வழியில் நின்றுபோயிற்று. மாற்று வண்டி வருவதற்குள் மணி மூன்றாகிவிட்டது. அடுத்த நிரைகளில் பால் வாளியோடு காத்து நின்றவர்களின் பால் உறைந்துவிட்டது. அன்று அந்தக் காட்டில் வெட்டியவர்களுக்குக் கட்டிப்பால் கணக்கில்தான் கூலி போடப்பட்டது. விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் மரத்துக்கு மரம் ஓடி, நல்ல பாலாக இறக்கியவர்களுக்கு, வண்டி நின்ற குற்றத்துக்காகக் கூலி குறைந்தது! வண்டியைப் பற்றிய பேச்சு பால் வெட்டும் பெண்களின் வீட்டு அடுப்பு வரை வருகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த டிராக்டர் மாஸி பெர்குசன் 135. இந்த ரகம் 1964 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இதற்கு முன் வந்த 35 ரகத்தை மூத்த தோழர்கள் நன்கு அறிவார்கள். உள்ளே இருப்பது பெர்க்கின்ஸ் கம்பெனியின் மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரின் வாயும் 3.6 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 5 அங்குலம், மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 152 கன அங்குலம், அதாவது இரண்டரை லிட்டர். பெர்க்கின்ஸ் 1932 இல் பீட்டர்பரோ நகரில் தொடங்கப்பட்ட கம்பெனி. 1959 இல் அதை மாஸி பெர்குசன் வாங்கிக்கொண்டது. சென்னையில் 1960 இல் ஏற்பட்ட டாஃபே கம்பெனியும் மாஸி பெர்குசன் டிராக்டர்களையே செய்யலாயிற்று. ஆகவே, ஊருக்குப் போய்வந்த நம்மவர்கள் அங்கே வயல் வரப்பில் நின்றும் இதே சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

வண்டி திடீரென்று நிற்கவில்லை. பல மாதங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் கிளம்ப மறுக்கும். கிளம்பினால் நீலப் புகை. இஞ்சினின் மூச்சுக்குழாயில் சமையற்கட்டுப் புகைபோல ஆவி வரும். நேற்று ஊற்றிய எண்ணெய் இன்று குறைந்திருக்கும். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள், இஞ்சின் சூடானதும் படுத்துக்கொள்ளும். ஓட்டுநர் மூன்று முறை ஆபீசில் சொன்னார். கிடைத்த பதில்: "ஓடுற வரைக்கும் ஓடட்டும்!"

இந்தத் தேய்மானத்தின் காரணத்தை வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். நமது வழக்கே அதில்தான் இருக்கிறது. பெட்ரோல் இஞ்சினில் பொறி வைத்து எரிப்பது போல டீசலில் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினைந்து மடங்குக்கும் மேலாக அமுக்கினால் அது நெருப்பாய்ச் சுடும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சியதும் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே காற்று ஒழுகாமல் அமுங்க வேண்டும். அதைக் காப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், நாம் 'ரிங்' என்று சொல்வது. அந்த ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே தோட்டத்துச் செம்மண் தூசி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? எண்ணெயோடு குழைந்து, சாணை பிடிக்கும் பசை போல ஆகி, ஒவ்வொரு ஓட்டத்திலும் இரும்பை அரைத்துக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் காற்று வடிகட்டி இருக்கிறது. பழைய வண்டிகளில் அதன் அடியில் ஓர் எண்ணெய்க் கிண்ணம்; காற்று அந்த எண்ணெயில் பட்டுத் தூசியை விட்டுவிட்டு மேலே போகும். தூசிக் காட்டில் ஓடும் வண்டிக்கு அந்தக் கிண்ணத்தைத் தினந்தோறும் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியின் கிண்ணத்தைக் கழற்றியபோது நாம் அங்கிருந்தோம். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் மண்பானை செய்யலாம் போன்ற களிமண் இருந்தது.

"பாருங்கள், ஓட்டுநரின் அலட்சியம்" என்றது நிர்வாகம். ஓட்டுநரிடம் கேட்டோம். அவர் கோபப்படாமல் தமது நாளைக் கணக்குச் சொன்னார். ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு. ஆறு மணிக்கு உர மூட்டைகளோடு வண்டி ரோட்டில் இருக்க வேண்டும். பத்தரைக்கு மேல் பால் டேங்க். பால் இறக்கியதும் செம்பனைக் குலை. குலையைக் கொட்டிவிட்டு வண்டியைக் கொட்டகையில் விடும்போது மாலை ஐந்து. ஆபீஸ் எழுதும் நேரம் ஆறு மணிக்கு ஆரம்பித்து, கடைசிக் குலை இறங்கியதோடு முடிகிறது. "கிண்ணம் கழுவ அரைமணி வேணும்ங்க. அந்த அரைமணி என் சோத்து நேரத்துல இருந்து வரணும், இல்லாட்டி என் பிள்ளைங்க நேரத்துல இருந்து வரணும். பத்து வருஷம் அப்படித்தான் குடுத்தேன். அப்புறம் எனக்கும் வயசாச்சு" என்றார். இதில் அலட்சியம் எங்கே இருக்கிறது என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

வண்டி நின்றதும் இரண்டு யோசனைகள் பிறந்தன. பட்டணத்துப் பட்டறைக்கு அனுப்பலாம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு நிர்வாகி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஏற்றிறக்கும் வேலையை வெளிக் குத்தகைக்காரரிடம் விட்டுவிடலாம். இதுதான் அவருக்குப் பிடித்த யோசனை. அது நடந்திருந்தால் ஓட்டுநர் ஒருவரின் வேலை மட்டுமல்ல, அவரோடு ஏறி இறங்கும் இருவரின் வேலையும் போயிருக்கும். அப்போதுதான் ஓட்டுநர் தயங்கித் தயங்கி, "சாமான் மட்டும் வாங்கிக் குடுங்க ஐயா, நானே பிரிச்சுப் பூட்டிப் பார்க்கிறேன்" என்று கேட்டிருக்கிறார். இளவயது நிர்வாகி அவர், துணிந்து சம்மதித்தார். அதற்காக அவரைப் பாராட்டவே செய்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை: வேலை நேரத்தில் கூடாது. பகலில் ஓட்டுநர் வெளிக்காட்டு வேலைக்குப் போக வேண்டும். இஞ்சினை மாலையிலும் ஓய்வு நாளிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒத்தாசைக்கு அந்தப் பையன் சேர்ந்தான். பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அம்மாவோடு மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன். குருவாக வாய்த்தவர், பட்டணத்தில் நாற்பது வருஷம் டீசல் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் ஸ்கூட்டரில் வந்து, ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். ஸ்பேனரை ஒருநாளும் தொடமாட்டார். "நான் தொட்டா நீங்க கத்துக்க மாட்டீங்க" என்பார். சில சமயம் அவர்கள் தப்பாகக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். ஆபத்து என்றால் மட்டும் வாயைத் திறப்பார்.

முதல் நாளே வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. இவ்வகை டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. இஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. முன்னால் அச்சும் பின்னால் கியர் பெட்டியும் அதிலேயே முடுக்கப்பட்டிருக்கும். இஞ்சினை எடுத்தால் வண்டி இரண்டாகப் பிரிந்துவிடும். இவர்கள் கொட்டகைக்கு வெளியே இருந்த மரக்கிளையில் சங்கிலி மாட்டி இஞ்சினைத் தூக்கிவிடலாமென்று நினைத்திருந்தார்கள். பெரியவர் எழுந்து, "கிளை முறிஞ்சா உன் காலு எங்கேப்பா?" என்று கேட்டார். பழைய புகைக்கூண்டின் இரும்பு உத்தரத்தை அவரே தட்டிப் பார்த்து, அதில் சங்கிலி போடச் சொன்னார். கியர் பெட்டிக்குக் கீழே ஜாக்கை நம்பாமல் கனத்த கட்டைகள் அடுக்கச் செய்தார். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடுவது. முன்பாகம் தனியானதும் பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும். ஆகவே அச்சுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு அடிக்கச் சொன்னார். வண்டி பிரிந்ததும் கிளட்சு வெளியே தெரியும். பழைய கிளட்சுத் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்றார். எத்தனை தோட்டத்துக் கொட்டகைகளில் நம் பிள்ளைகள் அதை வாயால் ஊதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம்.

பிரிக்குமுன் வெளிப்புறம் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். வெளியிலிருக்கும் மண் உள்ளே விழுந்தால் புது ரிங்கும் ஒரு மாதத்தில் பழசாகிவிடும். அதற்குப் பிறகு கழற்றிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். நட்டுகளும் வால்வு ஸ்பிரிங்குகளும் மைலோ டின்களில், ஒவ்வொரு டின்னிலும் சாக்கட்டியால் எழுத்து. வால்வைத் தள்ளும் கம்பிகள் அட்டையில் போட்ட துளைகளில், எந்தத் துளை எந்தச் சிலிண்டர் என்ற குறிப்போடு. பேரிங் மூடிகள் அதனதன் இடத்துக்கே திரும்ப வேண்டியவை; ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட முடியாது. கிராங்கு தண்டைச் சாக்கில் சுற்றிப் பையனின் கட்டிலடியில் வைத்தார்கள். "முறத்துல வளையம், அண்டாவுல பிஸ்டன், நான் அரிசி புடைக்கிறது எதுல?" என்று அவன் தாயார் நம்மிடம் முறையிட்டார். அந்தப் புகாருக்கும் ஒரு பாரம் நிரப்பியிருக்கலாம்.

பிரித்துப் பார்த்தபோது வண்டியின் முழு வரலாறும் தெரிந்தது. சிலிண்டரின் மேல்விளிம்பில் ரிங் எட்டாத இடம் தேயாமல் நிற்க, அதற்குக் கீழே சுவர் தேய்ந்து ஒரு படி உண்டாகியிருந்தது. விரல் நகம் அதில் தட்டிற்று. அந்தப் படியை முதலில் சுரண்டி எடுத்த பிறகே பிஸ்டனை மேலே தள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் உடையும். பேரிங் பட்டைகளில் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு பல்லிளித்தது. எண்ணெய் அழுத்தம் படுத்துக்கொண்டதன் ரகசியம் அதுதான்: தண்டுக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி அகலமானால் எண்ணெய் அங்கே நில்லாமல் வழிந்தோடிவிடும்.

தோட்டத்தில் செய்யக்கூடியது எது, பட்டணத்துக்குப் போக வேண்டியது எது என்பதைப் பெரியவர் பிரித்துக் கொடுத்தார். கிராங்கு தண்டைக் கடைசலுக்கு அனுப்பினார்கள். அங்கே அளந்து, அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு குறைத்துத் தேய்த்து மெருகிட்டார்கள். அந்த அளவுக்கேற்ற புதுப் பட்டைகளையே வாங்க வேண்டும். கடைக்காரர் அவசரத்தில் நிலையளவுப் பட்டையைக் கொடுத்துவிட, பையன் பெட்டியைத் திறந்து முதுகில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்துக் கடையிலேயே மாற்றிக்கொண்டான். அன்று பெரியவர் அவனை முதன்முறையாகத் 'தம்பி' என்று கூப்பிட்டார், அதுவரை 'டேய்'தான். எண்ணெய் பீய்ச்சும் பம்பைத் தோட்டத்தில் திறக்கவே கூடாது என்பது அவர் கட்டளை. அதன் உள்ளுறுப்புகளின் நுணுக்கம் மற்ற எதற்கும் இல்லை. ஒரு மணல் துகள் போதும். பீய்ச்சும் ஊசிகளையும் பட்டணத்தில்தான் சோதித்தார்கள். அங்கே பையன் ஊசியின் முன் கையை நீட்டப் போக, பெரியவர் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். அந்தப் பீய்ச்சு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவே காயம் தெரியும். முதலில் வலிகூட அதிகமிராது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாவிட்டால் விரலே போய்விடும். டீசல் வண்டியோடு புழங்கும் தோழர்கள் எல்லோரும் இதை நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

பூட்டும் வேலையில்தான் இரண்டு சோதனைகள் வந்தன. தண்டின் பின்புறம் எண்ணெய் ஒழுகாமல் தடுப்பது இந்த இஞ்சினில் ஒரு கயிறு. அதைப் பள்ளத்தில் பதிய வைக்கவே ஒரு முழு மாலை பிடித்தது. புதிய லைனர்கள் இறங்கின, பிஸ்டன்கள் இறங்கின. பெரியவர் சொல்லியிருந்தபடி, ஒவ்வொரு மூடியை முடுக்கியதும் தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். முதல் மூடி, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதை முடுக்கியதும் தண்டு மலைபோல் நின்றுவிட்டது. ஓட்டுநருக்கு வியர்த்துவிட்டது, கடைசல்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தார். பையன்தான் டார்ச் அடித்துப் பார்த்தான். மூடியிலுள்ள எண்ணும் தண்டிலுள்ள எண்ணும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தன. மூடியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! கழற்றித் திருப்பிப் போட்டதும் கையால் சுற்ற வந்தது. மூன்றையும் ஒன்றாக முடுக்கிவிட்டு ஸ்டார்டரைத் தட்டியிருந்தால், வாங்கிய பட்டைகள் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்.

அடுத்தது கியர்ப் புள்ளிகள். வால்வு திறக்கும் நேரமும் எண்ணெய் பீய்ச்சும் நேரமும் பிசகாமலிருக்க, முன்புறக் கியர்களில் புள்ளிகள் இட்டிருப்பார்கள்; புள்ளியோடு புள்ளி சேர்த்துப் பூட்ட வேண்டும். அப்படியே பூட்டினார்கள். ஆசைக்குக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், புள்ளிகள் சேரவில்லை! அன்றிரவு ஓட்டுநர் தூங்கவில்லை. காலையில் பெரியவருக்குத் தொலைபேசி. அவர் சிரித்தாராம். நடுக் கியரின் பற்களின் எண்ணிக்கை மற்றவற்றோடு ஒத்துப்போகாதபடி அமைந்தது. ஒரு முறை பிரிந்த புள்ளிகள் பல சுற்றுக்குப் பிறகே மறுபடி சந்திக்கும். பூட்டும்போது சேர்ந்திருந்தால் போதும். "இது தெரியாம நானும் 1971 ல ஒரு இஞ்சினை மூணு தடவை பிரிச்சேன்" என்றாராம். நாற்பது வருஷ அனுபவசாலி இதைச் சொன்ன பிறகுதான் ஓட்டுநர் கஞ்சி குடித்தார்.

தலைப்பாகத்தின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று தவணையாக, அளவு காட்டும் ரெஞ்சால் முடுக்கினார்கள். அந்த ரெஞ்சு இரவல். பல காலமாக டிராக்டர் ஓடிவரும் தொழிலில், ஒரு தோட்டத்துக் கொட்டகையில் அந்த ரெஞ்சு சொந்தமாக இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளப்பிய நாளில் நாம் மூன்றாம் முறையாகப் போயிருந்தோம். ஓய்வு நாள், மாலை நான்கு மணி. வீட்டு வரிசையே வந்துவிட்டது. குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்ற, கைப்பம்பை அழுத்தி அழுத்திக் குமிழி நிற்கும்வரை காத்திருந்தார்கள். முதலில் நிறுத்தும் கொக்கியை இழுத்து வைத்து, எண்ணெய் செல்லாமல் ஸ்டார்டரை மட்டும் சுழற்றினார்கள்; அழுத்த முள் எழுந்தது. பிறகு கொக்கியை விட்டார்கள். ஒரு முறை இருமிற்று. மறுமுறை வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. மூன்று சிலிண்டருக்கே உரிய அந்த நொண்டித் தாளம் கொட்டகை முழுதும் அதிர்ந்தது. ஓர் அம்மாள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். ஓட்டுநர் வண்டியைப் பார்க்கவில்லை. அழுத்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். அது படுக்கவில்லை.

இனி நாம் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

ஒன்பது ஓய்வு நாட்கள். கணக்கில் வராத மாலைகள். வண்டி ஓடத் தொடங்கியதும் ஆபீசில் இருவரையும் அழைத்து ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள். 'அன்பளிப்பு' என்று மேலே எழுதியிருந்தது. உள்ளேயிருந்த தொகை இரண்டு ஓய்வு நாள் கூலிக்குக்கூடக் காணாது. மறுநாள் ஓட்டுநர் பழைய சம்பளத்தில் பழைய ஆசனத்தில் ஏறினார். பையன் வாளியெடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனான்.

நிர்வாகத்தின் வாதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அவர்களாகவே முன்வந்தார்கள், எவரும் கட்டளையிடவில்லை, தொழில் கற்றுக்கொண்டது அவர்களுக்கே லாபம், ஆகவே அது வேலையாகாது என்கிறார்கள். இதில் ஒரு பாதி உண்மைதான். அவர்கள் முன்வந்தார்கள். ஆனால் கொட்டகைச் சாவியைக் கொடுத்தது யார்? சாமானுக்குக் கையெழுத்திட்டது யார்? எந்த நாளில் செய்ய வேண்டும், எந்த நேரத்தில் கூடாது என்று விதித்தது யார்? ஓடும் வண்டி இப்போது யாருடைய குலையை இழுக்கிறது? 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60-ஏ பிரிவு வேலை நேரம் இன்னதென்று சொல்கிறது: தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருந்து, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் இஷ்டம்போல் வைத்துக்கொள்ள முடியாத நேரம் எதுவோ அது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணிதான் உச்சவரம்பு. சாதாரண நாளில் அதிகப்படி வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. நாட்கூலிக்காரர் ஓய்வு நாளில் முழுநாள் வேலை செய்தால் இரண்டு நாட் கூலி. இவ்வளவும் அச்சான சட்டம். உறையின்மேல் 'அன்பளிப்பு' என்று எழுதுவதால் இவை அழிந்துவிடா.

இதைவிட முக்கியமாக நாம் கருதுவது அந்தக் காலை அரைமணி நேரம். வண்டி கெட்டது அங்கேதான். கிண்ணம் கழுவ, எண்ணெய் பார்க்க, கிரீஸ் அடிக்க, நட்டு முடுக்க ஆகும் நேரம் ஓட்டுநரின் சொந்த நேரமா, தோட்டத்து நேரமா? தோட்டத்து நேரம்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதை வேலை நேரமாகப் பெரட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது நமது முதல் கோரிக்கை. இதில் நாமும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. பால் விலைக்கும் ராத்தல் கணக்குக்கும் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசிய சங்கத்தினர், கொட்டகையில் நிற்கும் ஓட்டுநரின் அரைமணியை மேஜைக்குக் கொண்டு போனது மிகக் குறைவு. வெட்டுக்காரர்கள் ஆயிரம், ஓட்டுநர்கள் பத்து. கை தூக்கும் எண்ணிக்கையைப் பார்த்தே நாமும் பேசியிருக்கிறோம். அந்தப் பத்துப் பேரின் அரைமணி போனதால்தான் வெட்டுக்காரரின் பால் கட்டிப்பாலாயிற்று.

இரண்டாவது, கைத்திறனுக்குரிய சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அது எல்லோருக்கும் பொதுவானது. நேற்று வேலைக்கு வந்தவருக்கும் உண்டு. இஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் அதற்குச் சில வெள்ளிகளே மேலே நிற்பது எந்த நியாயம்? 'அவரிடம் சர்ட்டிபிகேட் இல்லையே' என்கிறார்கள். இதற்கு வழியிருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழைப் பள்ளிக்கூடம் போய்ப் படித்துத்தான் பெற வேண்டுமென்பதில்லை. முன்பே செய்த வேலையைக் காட்டி, அனுபவத்தின் பேரில் மதிப்பிடச் செய்து பெறும் முறை ஒன்றுண்டு. மலாயில் 'பெங்இக்திராஃபான் பென்சபாயான் தெர்டாஹுலு' என்பார்கள், சுருக்கமாகப் பி.பி.தி. செய்த வேலைக்கு ஆதாரங்களைத் திரட்டிக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். இதை நம் தோட்டங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? அந்தப் பெரியவர் நாற்பது வருஷம் உழைத்தும் ஒரு தாள் இல்லாமல் ஓய்வு பெற்றார். பையனோ, பெருமைக்காகக் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வைத்திருந்தான். திருப்பி மாட்டிய மூடியைக்கூட விடவில்லை. கோப்புக்குரிய ஆதாரங்களில் பெரும்பகுதி அவன் கையிலேயே இருக்கிறது! கிளைக் காரியதரிசி அவனோடு உட்கார்ந்து பாரத்தை நிரப்பி வருகிறார். மற்றக் கிளைகளும் தத்தம் தோட்டங்களில் ஓட்டுநர்கள், பம்பு வீட்டுக்காரர்கள், ஆலையில் யந்திரம் பார்ப்பவர்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தால், இந்த வேலையைக் கூட்டாகவே செய்யலாம்.

மூன்றாவது, சாமான்கள். கனத்தைத் தூக்கச் சோதிக்கப்பட்ட சங்கிலி, கட்டைகளுக்குப் பதில் இரும்புத் தாங்கிகள், அந்த ரெஞ்சு. இவற்றைத் தொழிலாளி இரவல் வாங்கி வரக்கூடாது. இதைப் பற்றி நிர்வாகி மறுப்புச் சொல்லவில்லை, பட்டியல் கேட்டிருக்கிறார். கொடுத்திருக்கிறோம்.

ஓய்வு நாள் கூலியைப் பற்றி ஒரு சுற்றுப் பேச்சு முடிந்திருக்கிறது. ஒன்பது நாட்களில் நான்கு நாட்களை ஒப்புக்கொள்கிறார்கள். மீதி ஐந்து நாட்களுக்குச் சாட்சி கேட்கிறார்கள். அந்த ஐந்து நாட்களிலும் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்த பெரியவர், அடுத்த கூட்டத்துக்கு ஸ்கூட்டரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் ஓட்டுநர் ஒரு காரியம் செய்து வருகிறார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வண்டியின் ஆசனத்துக்கடியில் வைத்திருக்கிறார். தினமும் காலை ஐந்து பதினைந்துக்கே கொட்டகைக்கு வந்து, கிண்ணத்தைக் கழுவி, எண்ணெய் பார்த்து, தேதியையும் ஆரம்பித்த மணியையும் முடித்த மணியையும் அதில் எழுதுகிறார். பக்கத்தில் கிராணி கையெழுத்திட ஒரு கட்டம் போட்டிருக்கிறார். நாம் பார்த்த அன்று இருபத்தேழு வரிகள் நிரம்பியிருந்தன. கையெழுத்துக் கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன.